மாதத்துக்கு ஒருமுறை காலில் இறங்கும் நோ: எண்டோமெற்றியோசிஸ் முள்ளந்தண்டைத் தொடுமா?

"எண்டோமெற்றியோசிஸ் முள்ளந்தண்டுக்குள்ளும் போகுமாம்" என்று ஒரு வரி கைபேசிகளில் சுற்றத் தொடங்கினால் இரண்டு விதமான ஆட்கள் குழம்புகிறார்கள். மாதவிடாய் நாட்களில் நாரி நோகிற பெண்கள் பலரும் தங்களுக்கும் அதுதானோ என்று பயப்படுகிறார்கள். இன்னொரு பக்கம், உண்மையிலேயே அந்த நாட்களில் மட்டும் ஒரு காலை இழுத்து நடக்கிற ஒருத்தி, "அதெல்லாம் கோடியில் ஒருத்திக்கு வாறது" என்று நினைத்து யாருக்கும் சொல்லாமலே இருந்துவிடுகிறாள்.

சுருக்கமான பதில் இது. முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்புத்தண்டான முண்ணாணுக்குள் இந்த நோய் போவது, மருத்துவச் சஞ்சிகைகளில் தனித்தனி நோயாளி அறிக்கைகளாகவே வந்திருக்கிற அபூர்வம். முண்ணாணிலிருந்து வெளியே வந்து இடுப்புக்குழி வழியாகக் காலுக்கு இறங்கும் நரம்புகளைப் பிடிப்பது அதைவிடக் கூடுதலாக நடக்கிறது. அதுவும் அரிதுதான், தவறவிடப்படுவதால் இன்னும் அரிதாகத் தெரிகிறது. நரம்பை நேரடியாகத் தொடாமலே நாரியை நோகவைப்பதுதான் மிகச் சாதாரணம். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்க முதலில் உதவுவது ஸ்கான் இல்லை, நோ வருகிற திகதி. அது ஏன் என்று விளங்க அடியிலிருந்து வரவேண்டும்.

## எண்டோமெற்றியோசிஸ் என்றால்

கருப்பையின் உட்சுவரில் ஒரு படலம் இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் அதை ஒவ்வொரு மாதமும் தடிப்பாக்குகிறது, கரு தங்காவிட்டால் ஹோர்மோன் அளவு இறங்கி அந்தப் படலம் உதிர்ந்து இரத்தத்தோடு வெளியேறுகிறது. இந்தப் படலத்தைப் போன்ற இழையம் கருப்பைக்கு வெளியே எங்காவது ஒட்டி வளர்வதுதான் எண்டோமெற்றியோசிஸ். பெரும்பாலும் சூலகம், கருப்பைக்குப் பின்பக்க இணையங்கள், குடலின் வெளிச்சுவர், சிறுநீர்ப்பை, இடுப்புக்குழியை மூடியிருக்கும் மென்சவ்வு ஆகிய இடங்களில் வரும். சூலகத்தில் வந்து பழைய இரத்தம் தேங்கிக் கறுப்பாகிப் போனால் அதைத்தான் டொக்டர்மார் 'சொக்லேட் சிஸ்ற்' என்கிறார்கள்.

வெளியே இருக்கிற இந்த இழையமும் ஹோர்மோனுக்குக் கட்டுப்பட்டது. மாதவிடாய் நேரத்தில் அதுவும் வீங்குகிறது, சிறிதளவு கசிகிறது. கருப்பைக்குள் வடியும் இரத்தத்துக்கு வெளியே போக வழி உண்டு, இதற்கு இல்லை. அதனால் அந்த இடம் அழற்சியடைந்து, மாதா மாதம் ஆறியும் ஆறாமலும் தழும்பாகிறது. தழும்பு பக்கத்தில் இருக்கும் உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. இதைவிட இன்னொரு விஷயமும் உண்டு, நரம்புப் பகுதிக்கு வரும்போது அது முக்கியம்: இந்த இழையம் நரம்பு வளர்ச்சியைத் தூண்டும் பதார்த்தங்களைச் சுரக்கிறது, புதிய நுண்ணிய நரம்பிழைகள் அதற்குள்ளேயே முளைக்கின்றன. ஒரு சிறு புள்ளி அளவான நோய்கூட ஆளைச் சுருட்டிப் போடுவதும், பெரிய கட்டி இருக்கிறவர் சிலவேளை ஒன்றும் உணராமல் இருப்பதும் இதனால்தான்.

இது புற்றுநோய் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் இனப்பெருக்க வயதுப் பெண்களில் ஏறத்தாழ 10 சதவீதத்தினருக்கு, அதாவது 190 மில்லியன் பேருக்கு இது இருக்கிறது. அறிகுறி தொடங்கி நோய் என்னவென்று தெரியவர 4 முதல் 12 வருடங்கள் வரை போகிறதாம். எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்தில் இந்தத் தாமதத்துக்குக் காரணம் தேடி அதிகம் அலைய வேண்டாம். சாமத்தியப்பட்ட பிள்ளை வயிற்றுநோவில் பள்ளிக்கூடம் போகாமல் கிடந்தால் "எல்லாருக்கும் உள்ளதுதான்" என்று சொல்லி உழுத்தங்களி கிண்டிக் கொடுப்போம். அதையும் தாண்டி நொந்தால், "கலியாணம் கட்டி ஒரு பிள்ளை பிறந்தால் சரியாகும்" என்போம். கர்ப்பகாலத்தில் மாதவிடாய் நிற்பதால் சிலருக்கு நோ தணிவது உண்மை, பிறகு பலருக்கு அது திரும்ப வருவதும் உண்மை. கர்ப்பம் இதற்கு மருந்து இல்லை.

## நரம்பு போகும் பாதை

முள்ளந்தண்டு என்பது எலும்பு. அதற்குள் இருக்கிற கால்வாயில் மூளையிலிருந்து இறங்கி வருவது முண்ணாண். பலர் நினைப்பதுபோல முண்ணாண் முள்ளந்தண்டின் அடிவரை போவதில்லை. வளர்ந்த ஒருவரில் அது முதலாவது, இரண்டாவது நாரி முள்ளெலும்பு மட்டத்தில், அதாவது தொப்புளுக்குக் கொஞ்சம் மேலான உயரத்தில், கூம்பாக முடிந்துவிடும். அதற்குக் கீழே கால்வாய்க்குள் இருப்பது நரம்பு வேர்களின் கற்றை. அதற்குக் குதிரைவால் என்றே பெயர்.

அந்த வேர்கள் ஒவ்வொன்றாக எலும்பின் பக்கத் துளைகளால் வெளியே வருகின்றன. வந்து இடுப்புக்குழியின் பின்சுவரில் பின்னிப் பிணைந்து ஒரு வலையாகின்றன. 4ஆம், 5ஆம் நாரி நரம்புகளும், முள்ளந்தண்டின் அடியில் இருக்கும் திருவெலும்பின் முதல் மூன்று நரம்புகளும் சேர்ந்துதான் சயற்றிக் நரம்பு. உடலிலேயே தடித்த நரம்பு இது. இடுப்புக்குழியிலிருந்து ஒரு பெரிய எலும்பு வெட்டு வழியாகப் பிட்டத்துக்கு வந்து, தொடையின் பின்பக்கத்தால் இறங்கி, கிளைகளாகப் பிரிந்து பாதம் வரை போகிறது. திருவெலும்பின் 2ஆம், 3ஆம், 4ஆம் நரம்புகள் சிறுநீர், மலம் கழிப்பதையும் பிறப்புறுப்பைச் சுற்றிய உணர்வையும் கவனிக்கின்றன.

கருப்பை, சூலகம், கருப்பையின் பின்பக்க இணையங்கள் எல்லாம் இந்த நரம்பு வலைக்கு முன்னால், மிகக் கிட்டத்தில் இருக்கின்றன. நாரிப் பிடிப்பு என்று ஒருவர் வரும்போது எல்லாரும் முள்ளந்தண்டைப் பார்க்கிறோம்; நரம்பு வெளியே வந்து இடுப்புக்குழிக்குள்ளால் போகும் அந்தத் துண்டை மறந்துவிடுகிறோம். சுன்னாகம் மின்நிலையத்திலிருந்து வரும் மின்கம்பியில் எந்த இடத்தில் பழுது வந்தாலும் இருட்டாவது உங்கள் வீடுதான். காலில் நோ என்பதும் அப்படித்தான், பழுது நரம்பின் எந்த மட்டத்தில் என்று அந்த நோ தானாகச் சொல்லாது.

## ஒரே நாரிநோ, மூன்று வெவ்வேறு கதை

1. நரம்பைத் தொடாத நோ. கருப்பையிலிருந்தும் அதைச் சுற்றிய பகுதிகளிலிருந்தும் வரும் உணர்வு நரம்புகள் முண்ணாணில் நுழையும் மட்டத்தில்தான் நாரியின் தோலும் தசையும் அனுப்பும் உணர்வுகளும் நுழைகின்றன. மூளைக்கு இரண்டையும் பிரித்தறிவது கடினம். அதனால் கருப்பை நோகும்போது நாரி நோகிறது, தொடையின் முன்பக்கம் உளைகிறது. எண்டோமெற்றியோசிஸ் இல்லாத பெண்களுக்கும் மாதவிடாயில் வருவது இதுதான். எண்டோமெற்றியோசிஸ் உள்ளவர்களின் நாரிநோவிலும் பெரும்பகுதி இதுவே. நோ இரண்டு பக்கமும் பரவலாக இருக்கும், முழங்காலுக்குக் கீழே போவது குறைவு, விறைப்போ பலவீனமோ வராது.

2. இடுப்புக்குழிக்குள் நரம்பைப் பிடித்த நோ. இந்த விளக்கத்தின் கனமான பகுதி இது. நோய் சயற்றிக் நரம்பின் மேலோ அதற்குள்ளோ, திருவெலும்பு நரம்பு வேர்களிலோ வளர்ந்துவிடுகிறது, அல்லது அதன் தழும்பு நரம்பை இறுக்குகிறது. சயற்றிக் நரம்பில் இது இருந்ததை டென்ரன், ஷெரில் என்ற இரண்டு டொக்டர்மார் 1955இல் பதிவுசெய்தார்கள். அதன்பின் சிறிய தொகுப்புகளாக நிறைய வந்துவிட்டன. தொடக்கத்தில் மாதவிடாய்க்கு ஓரிரு நாள் முன்பு பிட்டத்தில் ஆழமாக நோகத் தொடங்கி, தொடையின் பின்பக்கத்தால் கீழே இறங்கி, சிலருக்குப் பாதம் வரை மின்சாரம் பாய்வதுபோல் போய், மாதவிடாய் முடிந்து சில நாளில் அடங்கிவிடும். இடைப்பட்ட நாட்களில் ஒன்றுமே இராது, ஓடித் திரிவார்கள், அதனால்தான் வீட்டில் இருக்கிறவர்களே நம்புவதில்லை. மாதங்கள் போகப் போக நோ இருக்கும் நாட்கள் கூடி, நோ இல்லாத நாட்கள் சுருங்கும். தழும்பு இறுகியதும் நோ நிரந்தரமாகிவிடும், மாதவிடாயோடு இருந்த தொடர்பே தெரியாமல் போய்விடும். பிறகு பாதத்தின் வெளிப்பக்கம் விறைக்கலாம், பாதத்தை மேலே தூக்க முடியாமல் செருப்பு கழன்று கழன்று விழலாம். திருவெலும்பு வேர்கள் பிடிபட்டால் சிறுநீர் கழிப்பதில் சிரமம், ஆசனவாயைச் சுற்றி எரிவு, உட்கார முடியாத நோ. பதிவான நோயாளிகளில் வலது பக்கம் கூடுதல். இடதுபக்க நரம்பை வளைகுடல் மூடிக்கொண்டிருப்பது அதற்கு ஒரு பாதுகாப்பு என்று விளக்கம் சொல்கிறார்கள்.

3. முள்ளந்தண்டுக் கால்வாய்க்குள். முண்ணாண் முடியும் கூம்பிலும் குதிரைவால் நரம்புகளிலும் இந்த இழையம் இருந்ததாகச் சில அறிக்கைகள் உண்டு. முண்ணாணைச் சுற்றியுள்ள நீருக்குள் இரத்தம் கசிந்ததற்கு எண்டோமெற்றியோசிஸ் காரணமாக இருந்த ஒரு நோயாளியைப் பற்றிய அறிக்கை 1968இல் வந்தது. இப்படியானவர்களுக்கு மாதவிடாயோடு சேர்ந்து நாரிநோ, இரண்டு காலிலும் பலவீனம், சிலருக்குக் கடும் தலையிடி. பெரும்பாலும் கட்டி என்று நினைத்துச் சத்திரசிகிச்சை செய்து, எடுத்த துண்டை நுணுக்குக்காட்டியில் பார்த்தபிறகுதான் என்னவென்று தெரிந்திருக்கிறது.

மூன்றாவதைப் பற்றிப் படித்துவிட்டு முதலாவது உள்ளவர்கள் பயப்பட வேண்டியதில்லை. கவலைப்பட வேண்டியது இரண்டாவது உள்ளவர்கள் முதலாவதாகவே எடுத்துக்கொள்ளப்படுவதைப் பற்றித்தான்.

## அங்கே எப்படிப் போய்ச் சேருகிறது?

ஒரே ஒரு விளக்கம் எல்லா இடத்துக்கும் பொருந்தவில்லை, அதனால் பல விளக்கங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

1. பின்னோக்கிய ஓட்டம். மாதவிடாய் இரத்தத்தில் கொஞ்சம் பலோப்பியன் குழாய் வழியாகத் திரும்பி வயிற்றறைக்குள் விழுகிறது, அதிலுள்ள கலங்கள் ஒட்டி வளர்கின்றன. அமெரிக்கப் பெண்நோயியல் டொக்டர் ஜோன் சாம்சன் 1927இல் முன்வைத்த விளக்கம் இது, இன்றும் முதலிடம் இதற்குத்தான். ஆனால் குழாய் திறந்திருக்கும் பெண்களில் 90 சதவீதமானோருக்கு இப்படி இரத்தம் திரும்புகிறது, நோய் வருவதோ ஏறத்தாழ 10 சதவீதத்துக்கு. அதனால் நோயெதிர்ப்பு, பரம்பரை போன்ற வேறு காரணிகளும் சேரவேண்டும். முள்ளந்தண்டுக் கால்வாய்க்குள் கலங்கள் எப்படி விழுந்தன என்பதையும் இது விளக்கவில்லை.

2. நாளங்களின் வழி. இரத்தம், நிணநீர் வழியாகக் கலங்கள் பயணிக்கலாம். முள்ளந்தண்டுக்கு இது பொருந்தக் காரணம், இடுப்புக்குழி நாளங்களுக்கும் முள்ளந்தண்டைச் சுற்றிய நாளங்களுக்கும் இடையில் நேரடித் தொடர்பு இருக்கிறது, அந்த நாளங்களில் வால்வு கிடையாது. இருமும்போதும் முக்கும்போதும் இரத்தம் எதிர்த்திசையிலும் ஓடும். அமெரிக்க உடற்கூற்றியலாளர் ஒஸ்கார் பற்சன் 1940இல் இதை விவரித்தபோது அவர் விளக்க முயன்றது, புரஸ்டேட் புற்றுநோய் ஏன் முள்ளந்தண்டுக்குப் பரவுகிறது என்பதை. அதே பாதையை இங்கேயும் பொருத்திப் பார்க்கிறார்கள்.

3. நரம்பையே பிடித்துக்கொண்டு. கருப்பையைச் சுற்றிய மெல்லிய தன்னியக்க நரம்புகளுக்குள் நுழைந்து, நரம்புறைக்குள்ளால் ஊர்ந்து, திருவெலும்பு நரம்பு வலைக்கு வந்து, அங்கிருந்து ஒரு கிளை மேலே முள்ளந்தண்டு நோக்கியும் இன்னொன்று கீழே சயற்றிக் நரம்பை நோக்கியும் போவதாக எம்.ஆர்.ஐ. படங்களை வைத்துச் சில ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். இடுப்புக்குழியின் சவ்வு சுத்தமாக இருக்க, நரம்பில் மட்டும் நோய் இருக்கிற பெண்களுக்கு இது நல்ல விளக்கம் என்பது என் எண்ணம்.

4. இருந்த இடத்திலேயே. உடலின் வேறு கலங்கள் அல்லது மூலக் கலங்கள் இந்த இழையமாக மாறுகின்றன என்பது மற்றொன்று.

முள்ளந்தண்டு மட்டும்தான் தூரத்து இடம் என்றும் இல்லை. உதரவிதானத்தில் வந்து மாதா மாதம் வலது தோள்மூட்டை நோகவைப்பது, நுரையீரல் உறையில் வந்து மாதவிடாயோடு நுரையீரல் சுருங்குவது, சிசேரியன் தழும்பில் வந்து அந்த இடம் மாதந்தோறும் கட்டியாக வீங்குவது என்று இந்த நோய் பல இடங்களில் தலைகாட்டும். எல்லாவற்றுக்கும் பொதுவான அடையாளம் ஒன்றுதான்: திகதி தவறாமல் வருவது.

## ஏன் இவ்வளவு காலம் பிடிபடாமல் போகிறது?

நாரியும் காலும் நோகிற பெண் எங்கே போவாள்? முதலில் எண்ணெய் பூசுவாள், பிறகு முறிவு நெரிவு வைத்தியரிடம் போவாள், அப்புறம் வெளிநோயாளர் பிரிவு, அங்கிருந்து எலும்பு கிளினிக் அல்லது நரம்பு கிளினிக். வயிற்றுநோவுக்காக அவள் போவது பெண்நோயியல் கிளினிக், வேறு நாள், வேறு கொப்பி. எலும்பு கிளினிக்கில் மாதவிடாயைப் பற்றிக் கேட்பதில்லை, அவளும் அங்கே ஆண் டொக்டரிடம் அதைச் சொல்லக் கூச்சப்படுவாள். பெண்நோயியல் கிளினிக்கில் காலைப் பற்றிக் கேட்பதில்லை, அவளும் இது அவர்களுடைய வேலை இல்லை என்று நினைப்பாள். இரண்டு பாதித் தகவலும் இரண்டு இடத்தில் கிடக்கும். யாரும் வேலையில் பிழைவிடவில்லை. ஆனாலும் நோய் நடுவில் விழுந்துவிடுகிறது.

அடுத்தது ஸ்கான். நாரிநோ, சயற்றிக்கா (சயற்றிக் நரம்பு வழியாகக் காலில் இறங்கும் நோ) என்றால் எடுப்பது நாரி முள்ளந்தண்டு எம்.ஆர்.ஐ. அது எலும்பையும், முள்ளெலும்புகளுக்கு இடையில் இருக்கும் வட்டுகளையும், கால்வாயையும் அழகாகக் காட்டும். சயற்றிக் நரம்பு இடுப்புக்குழியால் வெளியேறும் இடம் வழக்கமான அந்தப் படத்தின் எல்லைக்கு வெளியே. ஆகவே "எம்.ஆர்.ஐ. நோர்மல்" என்றால் முள்ளந்தண்டில் ஒன்றுமில்லை என்று மட்டும்தான் அர்த்தம், நரம்பில் ஒன்றுமில்லை என்று அர்த்தம் இல்லை.

நோர்மல் என்று வந்தாலும் பரவாயில்லை. வட்டு கொஞ்சம் பிதுங்கியிருக்கிறது என்று அறிக்கை வந்தால் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் காரணம் கிடைத்துவிட்டது என்று எல்லாரும் நிம்மதியாகிவிடுவார்கள். நாரிநோவே இல்லாத ஆட்களைப் படமெடுத்த ஆய்வுகளை 2015இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது, 20 வயதுக்காரர்களில் 30 சதவீதத்தினருக்கும் 80 வயதுக்காரர்களில் 84 சதவீதத்தினருக்கும் வட்டுப் பிதுக்கம் இருந்தது. ஒரு நோவும் இல்லாதவர்களுக்கு! ஆகவே படத்தில் பிதுங்கிய வட்டு இருப்பது ஒரு விஷயம், அதுதான் நோவுக்குக் காரணம் என்பது இன்னொரு விஷயம். பிதுங்கிய வட்டுக்கு நாட்காட்டி தெரியாது.

இதிலும் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. எந்தக் காரணத்தால் வந்த நாரிநோவும் மாதவிடாயை ஒட்டிச் சிலருக்குக் கொஞ்சம் கூடும். அதனால் 'அந்த நாட்களில் கூடுகிறது' என்பது மட்டும் போதாது. மாதத்தின் நடுவில் கிட்டத்தட்ட நோவே இல்லை, அந்த நாட்களில் ஒரு காலில் முழங்காலுக்குக் கீழே வரை இறங்குகிறது என்பதுதான் கவனிக்க வேண்டிய வடிவம்.

## திகதியை எப்படிக் குறித்து வைப்பது

வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியே போதும், இதற்கென்று செயலி தேவையில்லை. இரண்டு மூன்று சுற்றுகளுக்கு இவற்றைக் குறியுங்கள்:

1. இரத்தப்போக்கு தொடங்கிய நாளும் முடிந்த நாளும்.
2. ஒவ்வொரு நாளும் நோ எவ்வளவு என்று 0 முதல் 10 வரை ஓர் எண். நோ இல்லாத நாளில் 0 என்று எழுதவேண்டும், வெறுமையாக விடக்கூடாது. அந்தப் பூச்சியங்கள்தான் டொக்டருக்கு வேண்டியவை.
3. எந்தப் பக்கம், எதுவரை: நாரி மட்டுமா, பிட்டமா, முழங்காலுக்குக் கீழேயா.
4. விறைப்பு, பாதம் தடக்குவது, சிறுநீர் வர நேரம் எடுப்பது, மலம் கழிக்கும்போது நோ.
5. எடுத்த குளிசைகள், முக்கியமாக ஹோர்மோன் குளிசைகள்.

ஐந்தாவதை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், நல்லூர்க் கந்தசாமி கோயில் திருவிழா 25 நாள். அதற்காகவோ கலியாண வீட்டுக்காகவோ மாதவிடாயைத் தள்ளிப்போடக் குளிசை எடுக்கிற வழக்கம் எங்களிடம் இருக்கிறது. பெரும்பாலும் அது நோரெதிஸ்ரெரோன், எண்டோமெற்றியோசிஸ் சிகிச்சைக்குப் பயன்படும் அதே மருந்து வகை. குளிசை எடுத்த மாதம் கால்நோவும் சேர்ந்து தள்ளிப்போனதா என்று நினைத்துப் பாருங்கள். போயிருந்தால் அது பெறுமதியான தகவல், கிளினிக்கில் வாய்திறந்து சொல்லுங்கள். இதற்காகவே கடையில் வாங்கி எடுத்துப் பார்க்கவேண்டாம். கால் நாளங்களில் இரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்களுக்கும் ஈரல் நோய் உள்ளவர்களுக்கும் இந்த மருந்து ஆபத்தாகலாம்.

## கண்டுபிடிக்கும் வழி

டொக்டர் முதலில் காலின் பலத்தையும் உணர்வையும் தெறிவினைகளையும் பார்ப்பார். பிறகு உள்பரிசோதனையில் இடுப்புக்குழியின் பின்சுவரை விரலால் அழுத்தும்போது அந்தக் கால்நோ அப்படியே வருகிறதா என்பது நல்ல துப்பு. கலியாணம் ஆகாத பிள்ளைகளுக்கு உள்பரிசோதனை செய்யத் தயங்குவதால் இந்தத் துப்பு எங்கள் ஊரில் பலமுறை கிடைக்காமலே போகும். அவர்களுக்கு வயிற்றின் மேலால் செய்யும் ஸ்கானும் எம்.ஆர்.ஐ.யும்தான் வழி.

சாதாரண அல்ட்ராசவுண்ட் சூலகக் கட்டியை நன்றாகக் காட்டும், நரம்பைக் காட்டாது. வேண்டியது இடுப்புக்குழியையும் நரம்பு வலையையும் சேர்த்து எடுக்கும் எம்.ஆர்.ஐ. கொழுப்பின் வெளிச்சத்தை அடக்கி எடுக்கும் படங்களில் பழைய இரத்தம் வெள்ளையாகத் துலங்கும். மாதவிடாயை ஒட்டிய நாட்களில் எடுத்தால் தெளிவு கூடலாம் என்று சிலர் பரிந்துரைக்கிறார்கள். ஒன்று நிச்சயம்: ஸ்கான் கோரும் கடதாசியில் "நாரிநோ" என்று மட்டும் எழுதியிருந்தால் கதிரியல் நிபுணர் அதற்கேற்றபடிதான் எடுப்பார். "மாதவிடாயோடு வரும் வலதுகால் சயற்றிக்கா" என்று எழுதியிருந்தால் அவர் பார்க்கும் இடமே மாறிவிடும். நரம்புக் கடத்தல், தசை மின்சோதனைகள் எந்த நரம்பு எவ்வளவு பழுது என்று சொல்லும், காரணத்தைச் சொல்லாது. சிஏ 125 என்ற புரதத்தை அளக்கும் இரத்தப் பரிசோதனையை நம்பி எதையும் தீர்மானிக்க முடியாது, பல காரணங்களால் அது கூடும்.

கமெராவை வயிற்றுக்குள் விட்டுப் பார்க்கும் லப்பரொஸ்கோபிதான் கடைசித் தீர்ப்பு என்று முன்பு சொன்னார்கள். ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டலில் அந்த இடத்திலிருந்து அதை இறக்கிவிட்டது. நரம்பு விஷயத்தில் இது இன்னும் பொருந்தும், ஏனென்றால் சயற்றிக் நரம்பு இருப்பது சவ்வுக்குப் பின்னால். கமெரா சவ்வின் மேலால் பார்த்துவிட்டு "சுத்தம்" என்று சொல்லலாம்.

கடைசியாக, மாதவிடாயோடு சேர்ந்து வந்தாலும் மற்றக் காரணங்களைத் தட்டிக்கழிக்கக் கூடாது. இரவில் வியர்த்து, உடல் மெலிந்து, முதுகு நொந்தால் முள்ளந்தண்டுக் கசநோய் ஒரு காரணம். எங்கள் நாட்டில் கசநோய் இன்னும் இருக்கிறது. கட்டியும் வரலாம், உண்மையான வட்டு நோயும் வரலாம்.

## சிகிச்சை

முதல் படி நோவைக் குறைப்பது. மெபனமிக் அசிட், இபுபுரோபன் போன்றவை மாதவிடாய் நோவுக்கு உதவும், நரம்பு நோவுக்குப் போதாது. அதற்கு அமிற்றிப்டிலின், கபாபென்ரின் போன்ற வேறு வகை மருந்துகள்.

இரண்டாவது படி ஹோர்மோன். நோக்கம் எளிது: மாதச் சுற்றை நிறுத்தி வைத்தால் அந்த இழையமும் அடங்கிக் கிடக்கும். இடைவெளி விடாமல் எடுக்கும் கருத்தடைக் குளிசை, நோரெதிஸ்ரெரோன், நாளொன்றுக்கு 2 மில்லிகிராம் டயனோஜெஸ்ற், கருப்பைக்குள் வைக்கும் ஹோர்மோன் உள்ள லூப் ஆகியவை பயன்படுகின்றன. மூளையிலிருந்து வரும் கட்டளையையே நிறுத்தும் ஊசிகளும் உண்டு. அவை தற்காலிகமாக மாதவிடாய் நின்ற நிலையை உண்டாக்குவதால் எலும்பு தேயும், அதனால் 6 மாதத்துக்கு மேல் போட்டால் குறைந்த அளவு ஹோர்மோனைத் திரும்பக் கொடுக்கவேண்டும். பிள்ளை வேண்டும் என்றிருப்பவர்களுக்கு இந்தப் படி சிக்கல், ஏனென்றால் இவற்றில் பல கருத்தரிப்பதைத் தடுக்கும். அதை முதல் நாளே டொக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

ஹோர்மோன், தழும்பைக் கரைக்காது. நரம்பு ஏற்கனவே தழும்புக்குள் இறுகிப் போயிருந்தால், அல்லது பாதம் பலமிழக்கத் தொடங்கியிருந்தால், நரம்பை விடுவிக்கும் சத்திரசிகிச்சை பற்றிப் பேசவேண்டி வரும். இடுப்புக்குழி நரம்புகளில் கைதேர்ந்தவர்கள் செய்யவேண்டிய வேலை அது, சில இடங்களில் பெண்நோயியல் நிபுணரும் நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணரும் சேர்ந்தே நிற்பார்கள். யாழ்ப்பாணத்தில் இருக்கிற ஒருவருக்கு அதற்காகக் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போகவேண்டி வரலாம். கருப்பையை மட்டும் எடுத்துவிட்டால் தீர்ந்துவிடும் என்று யாராவது சொன்னால் கேள்வி கேளுங்கள். கருப்பையை எடுத்தாலும் நரம்பில் ஒட்டியிருப்பது அங்கேயே இருக்கும்.

காலம் ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. சிதைந்த நரம்பிழை திரும்ப வளர்வது நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர். பிட்டத்திலிருந்து பாதத்தைத் தூக்கும் தசை வரை அரை மீற்றருக்குக் குறையாத தூரம். அதாவது 500 நாளுக்கு மேல். நரம்பில்லாமல் கிடக்கும் தசையோ ஒன்று ஒன்றரை வருடத்தில் சுருங்கி, நரம்பு வந்தாலும் ஏற்காத நிலைக்குப் போகத் தொடங்கும். நோ மட்டும் இருக்கும்போது பிடிபட்ட பெண்ணுக்கும் பாதம் விழுந்தபிறகு பிடிபட்ட பெண்ணுக்கும் உள்ள வித்தியாசம் இந்தக் கணக்கில் இருக்கிறது. இடைக்காலத்தில் இயன்மருத்துவமும், பாதத்தைத் தாங்கும் பட்டியும் தசையையும் மூட்டையும் காப்பாற்றி வைக்கும்.

நீண்டகாலம் நொந்தவர்களுக்கு இன்னொரு தொல்லை: முண்ணாணும் மூளையும் நோவைப் பெருக்கிக் காட்டப் பழகிவிடுகின்றன. நோயை அகற்றிய பிறகும் நோ கொஞ்சம் மிஞ்சுவதற்கு இது ஒரு காரணம். அது கற்பனை நோ இல்லை, அதற்கும் மருந்தும் பயிற்சியும் இருக்கின்றன.

## யாரிடம் போவது, எப்போது ஓடுவது

திகதி குறித்த தாளோடு பெண்நோயியல் கிளினிக்குக்குப் போங்கள். ஏற்கனவே நாரிக்கு எடுத்த எம்.ஆர்.ஐ. அறிக்கை, எலும்பு கிளினிக் கொப்பி, முன்பு வாட்டில் இருந்திருந்தால் டயக்னோசிஸ் கார்ட், எல்லாவற்றையும் ஒரே பையில் கொண்டுபோங்கள். "டொக்டர், எனக்கு மாதவிடாய் நாட்களில் மட்டும் வலதுகால் பாதம் வரை நோகுது" என்று முதல் வசனத்திலேயே சொல்லுங்கள், வயிற்றுநோவில் தொடங்கினால் காலுக்கு வரமுன் நேரம் முடிந்துவிடும். யாழ் போதனா வைத்தியசாலையில் இந்தப் பிரிவுகள் ஒரே வளவுக்குள் இருக்கின்றன, அதனால் ஒரு கிளினிக்கிலிருந்து மற்றதற்குக் கடிதம் வாங்குவது அங்கே சுலபம்.

பின்வரும் நான்கில் ஒன்று வந்தால் கிளினிக் திகதிக்குக் காத்திருக்கக் கூடாது, இரவோ பகலோ அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகவேண்டும்:

1. சிறுநீர் முட்டியும் போக முடியாமல் இருப்பது, அல்லது தெரியாமலே போய்விடுவது.
2. மலம் கட்டுப்பாடில்லாமல் போவது.
3. சைக்கிள் சீற்றில் படும் பகுதி, அதாவது பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி, விறைத்துப் போவது.
4. இரண்டு காலிலும் வேகமாகப் பலம் குறைவது.

இவை குதிரைவால் நரம்புகள் நசிவதன் அடையாளங்கள். நசிப்பது வட்டா, கட்டியா, சீழா, எண்டோமெற்றியோசிஸா என்பதைப் பிறகு பார்க்கலாம். அந்த நேரத்தில் வேண்டியது அவசர எம்.ஆர்.ஐ.யும் நசிவை எடுத்துவிடும் சத்திரசிகிச்சையும், அதுவும் நாட்கணக்கில் இல்லை, மணிக்கணக்கில்.